வழித்துணை: ராக்கி மலைகளில் கோடைக் கார் பயணம்

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரையும் அங்குள்ள தேசியப் பூங்காக்களையும் காரில் சுற்றிவர விரும்பும் தம்பதிகளிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அங்குள்ள சாலைப் பலகைகளில் இருப்பதுபோலவே தூரத்தை மைலிலும் உயரத்தை அடியிலும் குறிப்பிட்டிருக்கிறோம்.

எனக்கும் மனைவிக்கும் ஜூலை முதல் பாதியில் பதினொரு நாள் விடுமுறை. டென்வரில் இறங்கி, கார் எடுத்து, ராக்கி மவுன்டன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர், பேட்லாண்ட்ஸ் ஐந்தையும் பார்த்துவிட்டு டென்வருக்கே திரும்ப முடியுமா?
– வாசகர், ஹூஸ்டன்

ஐந்தையும் தொட்டுவிட்டு வரலாம்; பார்த்தோம் என்று சொல்ல முடியாது. யெல்லோஸ்டோனின் வடக்கு வாசலிலிருந்து கிளேசியருக்கு ஏறக்குறைய 400 மைல். கிளேசியரிலிருந்து டென்வர் திரும்ப ஆயிரம் மைலுக்குச் சற்றுக் குறைவு. போக வர மூன்று முழு நாள் காருக்குள்ளேயே போய்விடும். பேட்லாண்ட்ஸ் கிழக்கே வேறு திசையில் இருக்கிறது. இரண்டையும் இந்த முறை விட்டுவிடுங்கள். மீதி மூன்று பூங்காக்களுக்குப் பதினொரு நாள் சரியாக இருக்கும்.

முதல் நாள் டென்வரிலிருந்து ராக்கி மவுன்டன் பூங்காவின் வாசலில் உள்ள எஸ்டஸ் பார்க் ஊருக்குப் போய்த் தங்குங்கள். ஒன்றரை மணி நேர வழி. இரண்டாம் நாள் பேர் லேக் பகுதியில் நடை. மூன்றாம் நாள் அதிகாலையில் டிரெயில் ரிட்ஜ் சாலையில் ஏறி மலையின் மறுபக்கம் கிராண்ட் லேக்கில் இறங்குங்கள். 48 மைல்தான், ஆனால் நின்று நின்று போனால் நான்கு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து கிரான்பி, வால்டன் வழியாக வயோமிங் மாநிலத்தின் சரடோகா வரை போய் இரவு தங்கலாம். வால்டன் சுற்றுவட்டாரத்தில் ஆற்றோரப் புதர்களில் மூஸ் மான் தென்பட வாய்ப்புண்டு. சரடோகாவில் ஊருக்குப் பொதுவான வெந்நீர்க் குளம் இருக்கிறது; இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது.

நான்காம் நாள் ராலின்ஸ், லேண்டர், டுபோய்ஸ் ஊர்களைக் கடந்து, 9,658 அடி உயரமுள்ள டோகுவோட்டி கணவாய் வழியாக டீட்டன். கணவாயைத் தாண்டி இறங்கும்போது டீட்டன் சிகர வரிசை மொத்தமாக எதிரே வந்து நிற்கும். தெற்கே ஜாக்சன் வழியாக வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. ராலின்ஸுக்கும் லேண்டருக்கும் நடுவே 120 மைலுக்கு மேல் கிட்டத்தட்ட வெறும் புல்வெளி. ராலின்ஸில் டேங்கை நிரப்பாமல் கிளம்ப வேண்டாம்.

டீட்டனில் இரண்டு இரவு. பிறகு யெல்லோஸ்டோனில் நான்கு இரவு. அதில் இரண்டை ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் பக்கமும் இரண்டைக் கேன்யன் பக்கமும் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவு முக்கியம். யெல்லோஸ்டோனின் உள்சுற்றுச் சாலை எட்டு வடிவில் 142 மைல். உச்ச வேகம் 45 மைல்தான். காட்டெருமைக் கூட்டம் சாலையில் இறங்கிவிட்டால் அரை மணி நேரம் அசைய முடியாது. ஒரே இடத்தில் தங்கி நான்கு நாளும் போய்த் திரும்பினால் பாதி நேரம் ஸ்டீயரிங் பிடித்தபடியே கழியும். கைபேசி வரைபடம் இரண்டு மணி நேரம் என்று காட்டினால் மூன்று என்று கணக்கிடுங்கள்.

பத்தாம் நாள் கிழக்கு வாசல் வழியாகக் கோடி, தெர்மோபொலிஸ் ஊர்களைக் கடந்து கேஸ்பர். 300 மைலுக்குச் சற்று அதிகம். தெர்மோபொலிஸ் அரசு வெந்நீர்க் குளியலகத்தில் இருபது நிமிடம் இலவசமாகக் குளிக்கலாம். அதை அடுத்து வரும் விண்ட் ரிவர் பள்ளத்தாக்கில் பாறை அடுக்குகளின் பெயரையும் காலத்தையும் சாலையோரப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். மெதுவாக ஓட்டிப் படியுங்கள். பதினொன்றாம் நாள் கேஸ்பரிலிருந்து டென்வர் 280 மைல். விமானம் மாலையில் இருக்கட்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீட்டன் மலைகள் கிழக்கு நோக்கி நிற்பவை. காலை வெயில் முகத்தில் விழும். மாலையில் கதிரவன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் படத்தில் கருப்பு நிழல்தான் வரும். ஜென்னி ஏரியின் வண்டி நிறுத்துமிடம் ஜூலையில் காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் நிரம்பிவிடும். யெல்லோஸ்டோனின் லாமார் பள்ளத்தாக்கில் ஓநாய் பார்க்க வேண்டுமானால் கேன்யனிலிருந்து ஐந்து மணிக்குள் கிளம்ப வேண்டும்; ஒரு தொலைநோக்கி கையோடு இருக்கட்டும். எழுபது ஆண்டுகளாக அங்கே ஓநாயே இல்லாமல் இருந்தது. 1995, 1996-இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே திரிபவை அவற்றின் வழிவந்தவை.

காலையிலேயே போக வேண்டும் என்பதற்கு யெல்லோஸ்டோனின் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்று மட்டும் விலக்கு. காலைக் குளிரில் ஆவி அடர்ந்து எழுவதால் நிறமே தெரியாது. முற்பகல் முடிந்து காற்று சூடான பிறகு போங்கள். ஊற்றை ஒட்டிய பலகைப் பாதையிலிருந்து பார்த்தால் ஒரு பக்க விளிம்புதான் தெரியும். ஃபெய்ரி ஃபால்ஸ் பாதையில் ஒரு மைலுக்கும் குறைவாக நடந்தால் மேட்டின் மேல் ஒரு பார்வை மேடை இருக்கிறது. நீலமும் பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சுமாக முழு வட்டமும் தெரிவது அங்கிருந்துதான். விளிம்பில் தெரியும் மஞ்சளும் ஆரஞ்சும் சூட்டைத் தாங்கி வாழும் நுண்ணுயிர்களின் நிறம்.

தங்குமிடத்தை உடனே பாருங்கள். யெல்லோஸ்டோன் உள்விடுதிகளில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி அடுத்த ஆண்டின் அதே மாதம் முழுவதற்குமான முன்பதிவைத் திறக்கிறார்கள். பிந்திவிட்டால் ரத்தாகும் அறைகளுக்காகத் தினமும் காலையும் இரவும் பார்த்துக்கொண்டிருங்கள். பலர் திட்டம் மாற்றுவதால் கிடைக்கத்தான் செய்கிறது. ராக்கி மவுன்டனில் சில ஆண்டுகளாகக் கோடையில் நேரக் குறிப்புள்ள நுழைவுச் சீட்டு வேண்டியிருக்கிறது. 2025-இல் இருந்த முறைப்படி, பேர் லேக் சாலைக்குக் காலை 5 முதல் மாலை 6 வரையும், பூங்காவின் மற்ற பகுதிக்குக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரையும் சீட்டு கட்டாயம். நீங்கள் போகும் ஆண்டின் விதியைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு விடுதியைப் பதியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறோம். அவனுக்கு விடுப்பு இல்லை என்பதால் நானும் கணவரும் மட்டும் கார் எடுத்து ராக்கி மவுன்டன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் மூன்றையும் பார்க்க நினைக்கிறோம். இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா? வெளிநாட்டவருக்குக் கட்டணம் ஏறிவிட்டது என்கிறார்களே?
– வாசகி, மதுரை

தமிழ்நாட்டு உரிமத்தில் விவரங்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதால் பெரும்பாலான வாடகைக் கார் நிறுவனங்கள் ஏற்கின்றன. ஆனாலும் ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். ஓராண்டு செல்லும். வழியில் போலீஸ் நிறுத்தினால் பேச்சு சீக்கிரம் முடியும். அது தனியாகச் செல்லாது. அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். கார் எடுப்பவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். இருவரும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

காப்பீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று வாடகைக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு. மற்றொன்று நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு. அங்கே வசிப்பவர்களுக்கு இரண்டாவது வகை தங்கள் சொந்தக் கார் பாலிசியிலேயே இருக்கும், உங்களுக்கு இருக்காது. ஆகவே அதைத் தவிர்க்காமல் வாங்குங்கள். கண்ணாடியும் டயரும் முதல் வகையில் அடங்குமா என்று கேளுங்கள். மலைச்சாலையில் முன் வண்டியின் சக்கரம் தெறிக்கும் சரளைக்கல் கண்ணாடியைக் கீறுவதுதான் அடிக்கடி நடப்பது.

2026 ஜனவரி முதல் கட்டணம் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் வசிப்பவருக்கு எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டுச் சீட்டு 80 டாலர். மற்றவர்களுக்கு 250 டாலர். ஆண்டுச் சீட்டு இல்லாத வெளிநாட்டவர், கூட்டம் மிகுந்த 11 பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். ராக்கி மவுன்டன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் மூன்றுமே அந்தப் பதினொன்றில் அடக்கம். காருக்கு ஒரு பூங்காவில் 35 டாலர் என்றால் மூன்றுக்கு 105. இருவருக்கும் தலா 100 வீதம் மூன்று பூங்காவில் 600. மொத்தம் 705. கண்ணை மூடிக்கொண்டு 250 டாலர் சீட்டை வாங்குங்கள். அது காருக்குள் இருக்கும் இருவருக்கும் சேர்த்துத்தான்.

வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். இடப்பக்கம் திரும்பும்போதுதான் கை பழைய வழிக்கே இழுக்கும். திரும்பும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டு நினைவூட்டட்டும். இண்டிகேட்டர் தண்டு அங்கே இடக்கைப் பக்கம் இருப்பதால் முதல் நாள் முழுக்க வைப்பர் ஓடும். பெரிய விமான நிலையத்தில் இறங்கிய உடனே நெடுஞ்சாலை ஏறாமல், இரவு தூங்கிவிட்டு, மறுநாள் காலை ஊர்த் தெருக்களில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகிய பின் கிளம்புங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது போன தடவை எங்கள் காரில் கருகிய வாடை வந்தது. பிரேக் மெத்தென்று உள்ளே போனது. எங்கே தவறு? கார் 2017 மாடல், ஆட்டோமேட்டிக்.
– வாசகர், டல்லஸ்

நடந்தது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். வாடை, பிரேக் பேடு அளவுக்கு மீறிச் சூடானதால் வந்தது. சரிவு முழுக்க மிதியில் லேசாகக் கால் வைத்துக்கொண்டே இறங்கியிருப்பீர்கள். அப்படி இடைவிடாமல் தேயும்போது, பேடு உரசும் தட்டுக்குச் சூடு ஆற நேரமே கிடைக்காது. ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறையும். மிதி மெத்தென்று போனது அதைவிடக் கவலைக்குரியது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகிறது. ஆயிலை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும். குமிழை அழுத்தினால் அது சுருங்குவதோடு சரி. பிரேக் ஆயிலை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2017-க்குப் பிறகு மாற்றவே இல்லை என்றால் இந்தப் பயணத்துக்கு முன் கட்டாயம் மாற்றுங்கள். பேடின் கனத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இறங்கும் முறை இதுதான். சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரைத் தாழ்த்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் எல், 3, 2 என்றோ, எம் என்று எழுதி கூட்டல் கழித்தல் குறியோடோ இருக்கும். ஹைப்ரிட் வண்டியில் பி என்று இருக்கும். எஞ்சின் 3,000 அல்லது 3,500 சுற்றுக்கு ஏறி இரையும். அந்த இரைச்சலுக்குப் பயப்பட வேண்டாம். வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வேலையை எஞ்சின் எடுத்துக்கொண்டது என்று பொருள். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ, ஏறத்தாழ அதே கியரில் இறங்குங்கள். அப்படியும் வேகம் கூடினால் பிரேக்கை உறுதியாக நான்கைந்து நொடி அழுத்தி, வேகத்தில் பத்து மைல் குறைத்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபடி வேகம் ஏறும் வரை மிதியைத் தொட வேண்டாம்.

வாடை வந்துவிட்டால் அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ந்த தட்டு வளைந்துவிடும். கொலராடோவின் பைக்ஸ் பீக் சாலையில் இறங்கும் வண்டிகளின் பிரேக் சூட்டை நடுவழியில் அளந்து பார்த்து, அதிகம் இருந்தால் நிறுத்தி வைக்கிறார்கள். மற்ற மலைகளில் பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை. ஜாக்சனுக்கு மேற்கே உள்ள டீட்டன் கணவாயில் சரிவு 10 விழுக்காடு; மேலே சொன்ன இறங்கும் முறையைப் பழகாமல் அங்கே போக வேண்டாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மலையுச்சி ஊரில் பேட்டரியை முழுதாக நிரப்பிவிட்டு இறங்கக் கூடாது. நிறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் திரும்பப் புக இடமில்லாததால், மோட்டார் வழியாகக் கிடைக்கும் தடுப்பு குறைந்துவிடும்.

ஏறும்போது எஞ்சின் சோர்வாக இருப்பது கோளாறு அல்ல. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று விழுக்காடு அளவில் திறன் இழக்கும். ராக்கி மலை மாநிலங்களின் பங்க்குகளில் 85 ஆக்டேன் பெட்ரோலைச் சாதாரண ரகமாக விற்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் உயரமான இடத்தில் அது போதுமானதாக இருந்தது. உங்கள் கையேட்டில் குறைந்தது 87 என்று இருந்தால் விலை சற்றுக் கூடினாலும் 87-ஐயே போடுங்கள். டயர் அழுத்தத்தைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள்; வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். டிக்கியின் அடியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையும் திறந்து பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் ஒட்டும் பசைக் குப்பியும் சின்னப் பம்ப்பும் மட்டும்தான். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அவை உதவாது.

கிளேசியர் பூங்காவின் கோயிங் டு தி சன் சாலையில் போக ஆசை. ஆனால் பள்ளத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். 24 அடி மோட்டார் ஹோம் எடுக்கலாம் என்கிறார் கணவர்.
– வாசகி, சியாட்டில்

மோட்டார் ஹோம் அந்தச் சாலையின் மேல்பகுதிக்குள் போக முடியாது. அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதியில்லை. பாறை சாலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு.

பள்ளத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கிழக்கே செயின்ட் மேரியிலிருந்து மேற்கு நோக்கி ஓட்டுங்கள். லோகன் கணவாயைத் தாண்டி இறங்கும் அந்தச் செங்குத்தான பகுதியில் உங்கள் வண்டி மலைச்சுவரை ஒட்டிய பக்கம் போகும். பள்ளம் எதிர்த்தடத்துக்கு அப்பால்தான். மேற்கிலிருந்து ஏறினால் பள்ளம் நேரே உங்கள் வலக்கதவுக்குக் கீழே, அதாவது ஓட்டாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும். அதுவும் வேண்டாமென்றால் 1930-களிலிருந்து ஓடும் சிவப்புச் சுற்றுலாப் பேருந்துகள் இருக்கின்றன. கணவரும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு மலையைப் பார்க்கலாம். அந்த வகையில் பேருந்தே மேல் என்பது எங்கள் கருத்து.

6,646 அடி உயரத்தில் லோகன் கணவாய். பனி அகற்றி முழுச் சாலையும் திறக்கப் பெரும்பாலும் ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கம் ஆகும். ஜூன் நடுவில் விமானச் சீட்டு எடுத்துவிட்டு ஏமாறாதீர்கள்.

நான் சைவம், கணவரும்தான். சோறும் குழம்பும் இல்லாமல் எங்களால் முடியாது. வழியில் சமைக்கலாமா? கரடி வருமென்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, நியூ ஜெர்சி

சமைக்கலாம், இடமறிந்து. பூங்கா உள்விடுதி அறைகளில் சமையல் கூடாது. வெளியூர் விடுதிகளில் சமையலறையோடு கூடிய அறையாகப் பார்த்து எடுங்கள். பகலில் பிக்னிக் மேசைகளில் சின்னக் கேஸ் அடுப்பில் சமைக்கலாம். கேஸ் குப்பியை விமானத்தில் எடுத்துப்போக முடியாது, டென்வரிலேயே வாங்குங்கள்.

யெல்லோஸ்டோனில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசி வேக வழக்கத்தைவிட நேரமாகும். துவரம் பருப்பு ஒரு மணி நேரம் ஆனாலும் கல்லாகவே இருக்கும். இரண்டு லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்றை எடுத்துப்போங்கள். ஒரு கப் அரிசிக்கு வீட்டில் விடுவதைவிடக் கால் கப் தண்ணீர் கூட்டி, ஒரு விசில் அதிகம் விட்டால் சரியாக வரும். பருப்பை அரை மணி ஊறவையுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் தயாராக இருந்தால் மதியச் சாப்பாடு இருபது நிமிட வேலை. டீட்டனுக்கு முன் ஒரு பெரிய ஊரில் தயிரும் காய்கறியும் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள்; பூங்காக் கடைகளில் விலை அதிகம், தேர்வும் குறைவு.

கரடியைப் பொறுத்தவரை, வாசனையுள்ள எல்லாமே உணவுதான். ஊறுகாய், எண்ணெய், கழுவாத குக்கர் மட்டுமல்ல. பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய் பாட்டிலும் சேர்த்தி. கண்ணுக்கெட்டாமல் எதையும் வெளியே வைக்காதீர்கள். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட வேண்டாம். யெல்லோஸ்டோனிலும் டீட்டனிலும் கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காருக்குள்ளோ இரும்புப் பெட்டியிலோ வைக்கலாம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் இரவில் காருக்குள் வைப்பதுகூடத் தவறு. அங்குள்ள கருங்கரடிகள் கதவைப் பிய்க்கக் கற்றுக்கொண்டுவிட்டன. மனித உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிய நிலை வருகிறது. உங்கள் பத்திரத்துக்காக மட்டுமின்றி அதன் உயிருக்காகவும் இதைச் செய்யுங்கள்.

நடைப்பாதையில் போகும்போது கரடி ஸ்ப்ரே (தாக்க வரும் கரடியை நோக்கி அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே) இடுப்பில் இருக்க வேண்டும், பையின் அடியில் அல்ல. இருவரிடமும் ஒவ்வொன்று இருக்கட்டும். விமானத்தில் கைப்பையிலும் பெரிய பெட்டியிலும் தடை. அங்கேயே வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். பாதுகாப்புப் பூட்டைக் கட்டைவிரலால் நீக்குவதைக் கிளம்பும் முன் பத்து முறை செய்து பழகுங்கள். கரடி முப்பது அடி அளவுக்கு நெருங்கி வரும்போது சற்றுத் தாழ்த்தி அடித்தால், அது மேகத்துக்குள் நுழைந்தாக வேண்டும். ஒரு குப்பி சில நொடிகளில் காலியாகிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டால் வெடிக்கக்கூடும். வளைவுகளில் உரக்கப் பேசிக்கொண்டே நடங்கள். எதிர்பாராமல் மனிதரைச் சந்திக்கும் கரடிதான் பெரும்பாலும் தாக்குகிறது. கண்டால் ஓடாதீர்கள்.

கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம், காட்டெருமை, எல்க் மானிடமிருந்து 25 கஜம் விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். காட்டெருமை மாடுபோல மேய்கிறதே என்று அருகில் போய்ப் படம் எடுக்கிறவர்கள்தான் ஆண்டுதோறும் குத்துப்படுகிறார்கள். மணிக்கு 35 மைல் வேகத்தில் அது ஓடும்.

என் மனைவிக்கு ரத்தசோகை உண்டு. 12,000 அடி ஏறலாமா?
– வாசகர், சிகாகோ

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தசோகை, இதய நோய், கர்ப்பம் மூன்றுக்கும் இதே பதில்தான். டிரெயில் ரிட்ஜ் சாலையின் உச்சி 12,183 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. மருத்துவர் சரியென்றால், எஸ்டஸ் பார்க்கில் இரண்டு இரவு தூங்கிவிட்டு ஏறுங்கள். உச்சியில் நாள் முழுதும் இருக்கத் தேவையில்லை. தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் மது வேண்டாம். தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். தள்ளாட்டமோ, பேச்சில் குழப்பமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்போ தெரிந்தால் உடனே இறங்குவதுதான் மருந்து. இரண்டாயிரம் அடி இறங்கினாலே மாற்றம் தெரியும்.

மரங்கள் முடிந்துவிடும் 11,400 அடிக்கு மேல் ஜூலையில் பிற்பகல் இடி கிட்டத்தட்ட வழக்கம். வெட்டவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். நடை எதுவானாலும் நண்பகலுக்குள் மரவரிசைக்குக் கீழே வந்துவிடுங்கள். இடி கேட்டால் காருக்குள் போய் உட்காருங்கள்.

செலவு குறைக்க இரவில் காரிலேயே தூங்கலாமா?
– வாசகர், ஆஸ்டின்

யெல்லோஸ்டோனில் முகாம் இடங்களைத் தவிர வேறெங்கும் கூடாது. நள்ளிரவில் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) கண்ணாடியைத் தட்டுவார். முகாம் இடத்துக்குப் பணம் கட்டிவிட்டு அங்கே காரில் தூங்கலாம். ஜூலையிலும் இரவு வெப்பம் உறைநிலைக்கு அருகில் இறங்குவதால் கனமான தூக்கப்பை வேண்டும்.

எங்கள் இருவர் போனிலும் சிக்னல் வராது என்கிறார்கள். என்ன முன்னேற்பாடு?
– வாசகி, அட்லாண்டா

வரைபடத்தை விடுதியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் தரும் காகித வரைபடத்தைத் தூக்கிப்போடாதீர்கள். வாடகைக் காரில் பெரும்பாலும் இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் பிணைத்துத் தருவார்கள். ஒருவர் கையில் சாவி, அவர் நடைப்பாதையில். மற்றவர் மழையில் கார் அருகே என்று நின்றுவிடுவது அங்கே வாடிக்கை. பிரிந்து நடப்பதென்றால், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் சந்திப்பது, வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்து எந்த ரேஞ்சர் நிலையத்துக்குப் போவது என்று பேசிவிட்டுப் பிரியுங்கள். அன்றைய வழியை ஊரில் ஒருவருக்குக் காலையிலேயே அனுப்பிவிடுங்கள். ஆகஸ்டில் போகிறீர்களானால் காட்டுத்தீ, புகை, சாலை மூடல் பற்றிய செய்தியையும் சிக்னல் இருக்கும் இடத்திலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.